மீன் பதப்படுத்தும் கூடத்தில் தண்ணீரையும் கழிவையும் குறைப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீன் பதப்படுத்தும் கூடத்தில் தண்ணீர் மூன்று வேலைகளுக்குப் போகிறது. மீனைக் கழுவ; மேசை, கத்தி, பெட்டி, தரை இவற்றைக் கழுவ; அப்புறம், தலை, குடல், செதில், இரத்தம் எல்லாவற்றையும் வடிகால் வரை தள்ளிக்கொண்டு போக. முதல் இரண்டுக்கும் தண்ணீர் கட்டாயம் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டாம். அங்கே தண்ணீரைத் துடைப்பமாகப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். புதிதாகச் சூப்பர்வைசராகச் சேர்ந்தவரானாலும் சரி, சொந்தமாகச் சின்ன யூனிட் தொடங்குபவரானாலும் சரி, இந்த மூன்றாவது செலவு எங்கெங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

தண்ணீரைக் குறைப்பது ஒரு வேலை, கழிவைக் குறைப்பது வேறொரு வேலை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். மீன் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். கீழே விழுந்த குடலைக் கையால் அள்ளிப் பெட்டியில் போட்டால் அது ஒரு பொருள். தீவனத்துக்குப் போகும், தூளாக அரைக்கப் போகும். அதே குடலை ஹோஸ் பைப்பால் அடித்து வடிகாலில் தள்ளினால் பொருளும் போச்சு, தண்ணீரும் போச்சு, அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் தலையில் வந்து விழும்.

அளந்து பார்ப்பது

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே அளந்து பாருங்கள். கூடத்துக்கு வரும் மெயின் குழாயில் மீட்டர் இல்லையென்றால் முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான். முடிந்தால் ஐஸ் தயாரிப்புக்கு, வெட்டும் பகுதிக்கு, கழுவும் பகுதிக்கு என்று தனித்தனி மீட்டர் வைக்கலாம். முடியாவிட்டால் வாளியும் கடிகாரமும் போதும். 20 லிட்டர் வாளியைக் குழாய்க்கடியில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 60 நொடியில் நிரம்பினால் அந்தக் குழாய் நிமிடத்துக்கு 20 லிட்டர் கொடுக்கிறது. அதை 8 மணி நேர ஷிஃப்டு முழுவதும் மூடாமல் விட்டால் 9,600 லிட்டர். அதில் கால்வாசி நேரம்தான் உண்மையில் யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள் என்றால், 7,200 லிட்டர் சும்மா ஓடியது. இது ஒரே ஒரு குழாயின் கணக்கு. கூடத்தில் எத்தனை குழாய் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனைக்குச் செலவே கிடையாது. வேலை முடிந்து எல்லாரும் போனதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். இடையில் தொட்டி நிரப்புவதோ ஐஸ் இயந்திரமோ ஓடவில்லை என்றால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியின் மிதவை வால்வு, மூடினாலும் முழுதாக மூடாத பழைய கேட் வால்வு, காலால் மிதித்துத் திறக்கும் கைகழுவும் குழாய் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தண்ணீரின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்கு வெட்டிய மீனின் எடையால் வகுக்க வேண்டும். ஒரு டன் மீனுக்கு எத்தனை கிலோலிட்டர்? இதுதான் நீங்கள் பின்தொடர வேண்டிய எண். மீனைத் துண்டமாக்கும் ஆலைகளில் டன்னுக்கு 5 முதல் 11 கிலோலிட்டர் வரையிலும், டின்னில் அடைக்கும் ஆலைகளில் 15 கிலோலிட்டர் வாக்கிலும் செலவாவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். மீன் வகை, வெட்டும் முறை, எந்திரமா கையா என்பதைப் பொறுத்து இது நிறைய மாறும். அடுத்த கூடத்தின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. போன மாதத்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மீனுக்கும் இதேபோல் ஒரு கணக்கு வேண்டும். உள்ளே வந்த எடை. வெளியே போன துண்டம், தலை, நடுமுள், குடல், தோல் ஒவ்வொன்றின் எடை. ஒரு பேச்சுக்கு, 100 கிலோ உள்ளே வந்து எல்லாவற்றையும் கூட்டினால் 93 கிலோதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போன 7 கிலோ ஆவியாகிவிடவில்லை. இரத்தமாக, வழுவழுப்பாக, சதைத் துணுக்காக வடிகாலில் இருக்கிறது. தராசும் நோட்டும் வைத்து இந்த எண்ணை எழுதத் தொடங்கினாலே எந்த மேசையில் இழப்பு அதிகம் என்று தெரிந்துவிடும்.

கழிவையும் தண்ணீரையும் பிரித்து வைப்பது

மீனின் இரத்தம், குடல், வழுவழுப்பு எல்லாவற்றிலும் இருப்பது தண்ணீரில் கரையக்கூடிய புரதமும், துளித்துளியாகக் கலந்துவிடும் கொழுப்பும்தான். எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்கிறதோ, எவ்வளவு வேகமாகத் தண்ணீர் அதை அடித்துப் புரட்டுகிறதோ, தண்ணீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ, அவ்வளவு கரையும். கரைந்த பிறகு எந்தச் சல்லடையாலும் பிடிக்க முடியாது. அந்தத் தண்ணீர் ஓடையிலோ குளத்திலோ சேர்ந்தால் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அங்கே இருக்கும் உயிருள்ள மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். கழிவுநீர்ச் சோதனை அறிக்கையில் வரும் பிஓடி என்ற எண் சொல்வது இதைத்தான்: இந்த நீரிலுள்ள கழிவைத் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது.

வெட்டும் மேசையைப் பாருங்கள். நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம், அதில் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வெட்டுபவர் செவுளையும் குடலையும் உருவி அந்தப் பள்ளத்தில் எறிவார். அது மேசையின் கடைசி வரை மிதந்து போய்த் தரையில் விழுந்து, தரையில் இன்னொரு ஹோஸ் அதைத் தள்ளி, வடிகாலில் சேரும். இத்தனை தூரம் குடல் தண்ணீரிலேயே பயணம் செய்கிறது. இதற்கு மாற்று ரொம்ப எளிது. வெட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் மேசையில் ஒரு துளை, அதன் கீழே ஒரு பெட்டி. குடல் நேராகப் பெட்டிக்குள் விழும். துளை போட முடியாத மேசை என்றால் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு சுரண்டி. பெரிய ஆலைகளில் குடலை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் கருவியோ, தண்ணீர் இல்லாமல் கழிவை நகர்த்தும் கன்வேயரோ இருக்கும். சின்ன யூனிட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை.

பெட்டி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெட்டுபவர் குனியவோ திரும்பவோ ஒரு அடி நகரவோ வேண்டியிருந்தால் அந்தப் பெட்டி இரண்டு நாளில் காலியாகத்தான் கிடக்கும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு நொடியும் காசு. அவருக்குச் சுலபமாக இல்லாத எந்த ஏற்பாடும் நிற்காது. அவரையே கூப்பிட்டு, எங்கே வைத்தால் வசதி என்று கேட்டு வையுங்கள்.

தரையில் விழுவது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதற்கு வடிகால் வாயில் சல்லடைக் கூடை. இந்தக் கூடையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கூடத்துக்குப் போனாலும் முதலில் வடிகால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பல இடங்களில் கூடை உள்ளே இருக்காது. சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். கேட்டால், "அடைச்சுக்குது சார், தண்ணி நிக்குது" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். கூடை நிறைந்தால் தண்ணீர் நிற்கும், வழுக்கும், வேலை கெடும். திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு வடிகாலுக்கும் இரண்டு கூடை கொடுங்கள். ஒன்று நிறைந்தால் எடுத்துக் கொட்டி, மற்றதை உடனே போடலாம். கூடையை எடுத்தாலும் தண்ணீர் சல்லடை வழியாகவே போகும்படி கீழே நிலையாக ஒரு கம்பி வலையும் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மேசைக் கழிவு பெட்டிக்குப் போகத் தொடங்கியதும் கூடை நிறைவதும் தானாகவே குறையும்.

குழாயும் முனையும்

திறந்து கிடக்கும் ஹோஸ் பைப்புக்கு மருந்து, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ட்ரிகர் முனை. எல்லா ஹோஸுக்கும் போடுங்கள். வேலை செய்பவர்கள் அதைக் கம்பி வைத்துக் கட்டித் திறந்தபடியே வைக்கிறார்கள் என்றால் முனை கனமாக இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இலகுவானதாக மாற்றிக் கொடுங்கள். வெட்டும் மேசையில் இரண்டு கையும் மீனில் இருக்கும். அங்கே முழங்காலாலோ காலாலோ தள்ளித் திறக்கும் வால்வுதான் சரி.

முனையின் துளை அளவையும் பாருங்கள். அழுத்தம் மாறாமல் துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் வரும் தண்ணீர் ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். தேய்ந்துபோய் வாய் அகன்ற பழைய முனைகள் எவ்வளவு தின்கின்றன என்பது இதிலிருந்தே புரியும். எந்திரங்களில் தெளிக்கும் முனைகளை அவ்வப்போது கழற்றிப் புதியதோடு ஒப்பிட்டு, தேய்ந்ததை மாற்ற வேண்டும். எந்திரம் நின்றாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பது இன்னொரு பொதுவான காட்சி. சாப்பாட்டு இடைவேளையில் பெல்ட் நிற்கும், அதன் மேல் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் நின்றால் தண்ணீரும் நிற்கும்படி மின்சாரத்தில் மூடித் திறக்கும் சோலனாய்டு வால்வு ஒன்றை எலெக்ட்ரீஷியன் அரை நாளில் பொருத்திவிடுவார்.

ஒவ்வொரு வேலையிலும்

மீன் வந்து இறங்கும் இடத்திலேயே கழிவு தொடங்கிவிடுகிறது. வெயிலில் கிடந்து வயிறு வெடித்த மத்தி மீனில் நல்ல சதை எடுக்க முடியாது. எத்தனை முறை கழுவினாலும் குடல் நாற்றம் போகாது. கடைசியில் மொத்தமும் கழிவு. ஆகையால் ஐஸில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 டிகிரியிலிருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி அந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போதும். நடைமுறையில் வெப்பமான இடத்தில் ஒன்றுக்கு ஒன்று கூடப் போட வேண்டியிருக்கிறது என்றால், மீதி ஐஸ் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கத்தான் உருகுகிறது. வெப்பம் புகாத, மூடியுள்ள பெட்டி இந்த இழப்பைக் குறைக்கும். ஐஸும் தண்ணீர்தான் என்பதை மீட்டர் எழுதும்போது மறக்கக் கூடாது.

உறைந்த மீனை உருக்குவது பல கூடங்களில் மிகப் பெரிய தண்ணீர்ச் செலவுகளில் ஒன்று. தொட்டியில் கட்டிகளைப் போட்டு, குழாயைத் திறந்து, வழிந்து ஓடும்படி மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மூன்று வழிகள் உண்டு. முந்தின நாளே எடுத்து 4 டிகிரிக்குள் இருக்கும் குளிர் அறையில் தட்டுகளில் பரப்பி வைப்பது முதல் வழி. தண்ணீரே வேண்டாம். ஆனால் ஓரிரவோ அதற்கு மேலோ ஆகும் என்பதால் நாளைய உற்பத்தி இன்றே தெரிந்திருக்க வேண்டும். ஈரமான குளிர்காற்றை விசிறியால் ஓட்டுவது இரண்டாவது. சீக்கிரம் உருகும், மீனும் காயாது. மூன்றாவது, தொட்டியில் தண்ணீரை நிறுத்தி, அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டோ பம்பால் சுழற்றியோ கலக்குவது. வழிந்தோடும் குழாய் செய்த வேலையும் உண்மையில் இந்தக் கலக்கல்தான். புதுத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்தால் போதும். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டக் கூடாது, உருகிய மீன் அதிலேயே கிடக்கவும் கூடாது.

தண்ணீரை மிச்சப்படுத்துகிறேன் என்று மீனை அறை வெப்பத்தில் வெளியே போட்டு உருக்குவதை மட்டும் செய்யவே கூடாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. சாப்பிடுபவருக்கு ஒவ்வாமை போல முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு எல்லாம் வரும்.

செதில் நீக்கும் எந்திரம் நிறையத் தண்ணீர் குடிக்கும். எப்படியும் தோலை உரிக்கப் போகிற மீனுக்குச் செதில் நீக்குவது எதற்கு? யாரும் கேட்காததால் நடந்துகொண்டிருக்கும் வேலைகளில் இது ஒன்று. தோலோடு விற்கும் துண்டத்துக்கு மட்டும் வையுங்கள்.

துண்டம் போடுவதில் கத்தியின் கூர்மையும் கையின் பழக்கமும்தான் எல்லாம். ஒரு சதவீதம் சதை கூடுதலாகக் கிடைத்தால் டன்னுக்கு 10 கிலோ. நடுமுள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை தடிமனாக ஒட்டியிருந்தால் கத்தி மழுங்கிவிட்டது, அல்லது வெட்டும் கோணம் தவறு. ஷிஃப்டுக்கு நடுவில் கத்தி தீட்ட நேரம் ஒதுக்குங்கள். அது வீண் நேரம் ஆகாது.

இறாலில் தலையும் ஓடும் சேர்ந்து ஏறத்தாழ பாதி எடை. உரித்த இறாலைத் தண்ணீரில் ஊறப்போட்டு வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஊற ஊறச் சுவையும் நிறமும் புரதமும் தண்ணீரில் இறங்கும். உரித்ததும் ஐஸின் மேல், நடுவில் சுத்தமான பிளாஸ்டிக் தாள் போட்டு வைப்பது மேல். கணவாயில் மைப்பையை உடைக்காமல் எடுக்கக் கற்றுக்கொடுத்தால் கழுவும் தண்ணீர் கணிசமாகக் குறையும். உப்பிட்ட மீன் என்றால், கழுவுவதற்கு முன் ஒட்டியிருக்கும் உப்பை உதறித் தனியாகச் சேருங்கள். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு எதுவும் பிரிக்காது.

கழுவும் தொட்டிகள் இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குழாய் திறப்பதை விட்டுவிட்டு எதிர்த்திசை முறைக்கு மாறுங்கள். புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் மட்டும் விழும். அது வழிந்து நடுத்தொட்டிக்கு, அங்கிருந்து முதல் தொட்டிக்கு. மீன் முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டிக்குப் போகும். மிக அழுக்கான மீன் மிகப் பழைய தண்ணீரைச் சந்திக்கும், சுத்தமான மீன் சுத்தமான தண்ணீரில் முடியும். மூன்று குழாயின் வேலையை ஒரு குழாய் செய்யும். தொட்டிகளைப் படிபோல் உயரம் மாற்றி வைத்தால் பம்பு கூட வேண்டாம்.

வேலை முடிந்து கழுவும்போது

நாளின் தண்ணீரில் கணிசமான பகுதி இந்த நேரத்தில் போகிறது. வரிசை முக்கியம்.

1. ஹோஸைத் தொடுவதற்கு முன் உலர் சுத்தம். மேசையைச் சுரண்டியால் வழித்து, தரையை ரப்பர் வைப்பரால் தள்ளி, அள்ளிப் பெட்டியில் போட்டு, வடிகால் கூடைகளையும் கொட்டிவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் சீக்கிரம் முடியும்.
2. முதல் அலசல், குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் இரத்தப் புரதம் வெந்து மேசையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைத் தேய்த்தெடுக்க இன்னும் தண்ணீர் தேவைப்படும்.
3. காரத்தன்மையுள்ள சோப்புநுரை. 10 முதல் 15 நிமிடம் அது வேலை செய்ய விடுங்கள், காய விடாதீர்கள். இந்த நேரத்தில் குழாய்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும்.
4. அலசல், அப்புறம் கிருமிநீக்கம். மருந்தின் மேல் எழுதியிருந்தால் மட்டும் கடைசியாக இன்னொரு அலசல்.

அழுக்கு மிச்சமிருக்கும் மேசையில் குளோரின் ஊற்றிப் பயனில்லை. அழுக்கே அதைத் தின்றுவிடும். குளோரினையும் அமிலக் கிளீனரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைப்பதே தவறு.

அழுத்தம் அதிகமுள்ள பம்பு தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஓரளவுக்குத்தான் அது சரி. மிக அதிக அழுத்தத்தில் அடித்தால் வடிகாலிலுள்ள கிருமிகள் நுண்துளிகளாகக் கிளம்பி, கழுவி முடித்த மேசை மேலேயே இறங்கும். குளிரிலும் வளரும் லிஸ்டீரியா ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் வடிகால்தான். நடுத்தர அழுத்தம் போதும். வடிகாலை ஹோஸால் அடிக்காமல் தனி பிரஷ்ஷால் தேயுங்கள்.

மறுபடி பயன்படுத்தக் கூடிய தண்ணீர், கூடாத தண்ணீர்

மீனைத் தொடும் தண்ணீரும் ஐஸும் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும். சில வேலைகளுக்குச் சுத்தமான கடல்நீர் போதும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2003இல் கொண்டுவந்த நடைமுறை நெறிகளும் இதையே சொல்கின்றன. இதில் சமரசமே கிடையாது. தண்ணீர்க் குறைப்பு என்ற பெயரில் மீனின் கடைசி அலசலையோ, கை கழுவுவதையோ, கத்தி கழுவுவதையோ குறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

குளிர்பதன எந்திரத்தின் கண்டென்சரைக் குளிர்விக்கும் தண்ணீர் மீனையே தொடுவதில்லை. அதை ஒருமுறை ஓடவிட்டுக் கொட்டுவது பெரிய வீண்; கூலிங் டவர் வைத்துச் சுழற்றலாம். டின்களை வேகவைத்த பிறகு குளிர்விக்கும் தண்ணீரையும் குளோரின் அளவைக் கவனித்து, குளிரவைத்து, மறுபடி பயன்படுத்தலாம். குளிர் அறையின் பனிக்கட்டி உருகி வரும் தண்ணீர் வெளி முற்றத்தையும் வண்டியையும் கழுவப் போதும். மீன் கழுவிய தண்ணீர், தரைத் தண்ணீர், மீன் பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீர் இவை திரும்ப மீனிடம் வரவே கூடாது. மறுபடி பயன்படுத்தும் தண்ணீருக்குக் குழாய் போட்டால் அதற்கு வேறு நிறம் அடித்து, குடிநீர்க் குழாயோடு எங்கும் இணையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த கழிவை என்ன செய்வது

பெட்டியில் சேர்ந்தது கழிவா, மூலப்பொருளா என்பதைத் தீர்மானிப்பது அடுத்த சில மணி நேரம்தான். தலையும் நடுமுள்ளும் ஒரு பெட்டி, குடல் ஒரு பெட்டி, இறால் ஓடு ஒரு பெட்டி. மூடி இருக்கட்டும், மேலே கொஞ்சம் ஐஸ் இருக்கட்டும், அன்றே போகட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் குடலிலுள்ள நொதிகள் மற்றதையும் கரைத்துக் கெடுத்துவிடும்.

தலை, நடுமுள் இவற்றிலிருந்து எந்திரத்தால் சதையைப் பிரித்து எடுக்கலாம். சினையைத் தனியே விற்கலாம். தோலிலிருந்து ஜெலட்டினும் கொலாஜெனும், இறால் ஓட்டிலிருந்து கைட்டினும் எடுக்கும் ஆலைகள் உண்டு. சின்ன யூனிட் அதில் நேரடியாக இறங்க முடியாது. அவர்களுக்குத் தரமான மூலப்பொருள் கொடுப்பவராக இருக்கலாம். மீன் தூளும் அப்படித்தான். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கழிவு வேண்டும். சின்ன அளவில் கட்டுப்படியாகாது.

சின்ன யூனிட் தானே செய்யக்கூடியது சைலேஜ், அதாவது அமிலம் சேர்த்துக் கெடாமல் வைக்கும் மீன் கழிவுக் கூழ். கழிவை 10 மில்லிமீட்டர் துளையுள்ள தட்டு போட்ட எந்திரத்தில் அரைத்து, எடையில் 3.5 சதவீதம் 85% ஃபார்மிக் அமிலம் சேர்க்க வேண்டும். 100 கிலோவுக்கு 3.5 கிலோ. நன்றாகக் கலக்குங்கள், அமிலம் படாத ஒரு கட்டி இருந்தாலும் அங்கே அழுகல் தொடங்கும். அமில அளவு பிஎச் 4 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று சோதனைத் தாளில் பார்த்து, தேவையானால் கொஞ்சம் கூட்டுங்கள். பிளாஸ்டிக் பீப்பாயில் வைத்து அவ்வப்போது கிளறினால், குடலிலுள்ள நொதிகளே சதையைக் கரைத்துச் சில நாளில் கூழாக்கிவிடும். குளிரில் தாமதமாகும், வெறும் தலையும் முள்ளும் மட்டும் போட்டாலும் தாமதமாகும், குடல் சேர்ந்தால்தான் வேகம். அழுகல் நாற்றம் வராது, லேசான புளிப்பு மணம்தான் வரும். பல மாதம் கெடாது. தீவனத்தில் கலக்கலாம். அமிலத்தைக் கையாளும்போது கையுறை, கண்ணாடி கட்டாயம். சாதாரண இரும்பு டிரம்மில் வைத்தால் அரித்துவிடும்.

எதற்கும் உதவாத மிச்சத்தை மரத்தூளோடு அடுக்கி மக்க வைக்கலாம். மேலே மரத்தூள் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஈ மொய்க்கும்.

கடைசியில் வடிகாலுக்கு வருவது

இத்தனைக்குப் பிறகும் வரும் கழிவுநீரை முதலில் 1 மில்லிமீட்டர் அல்லது அதைவிட நுண்ணிய சல்லடையில் வடிகட்டுங்கள். சல்லடை பம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பம்பின் இறக்கை திடக்கழிவை அடித்துக் கூழாக்கிவிட்டால் பின்னால் எந்தச் சல்லடை வைத்தும் பயனில்லை. அடுத்தது கொழுப்புப் பொறி: தண்ணீர் மெதுவாக நகரும் தொட்டி, கொழுப்பு மேலே மிதக்கும், அதை வழித்தெடுக்கலாம். சூடான சோப்புத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் கொழுப்பு கலங்கி வெளியே போய்விடும். அப்புறம் ஒரு சமன்தொட்டி, காலை நேரத்து இரத்தத் தண்ணீரும் மாலை நேரத்துக் கழுவு தண்ணீரும் கலந்து ஒரே சீராக வெளியே போக.

இந்தத் தொட்டிகளுக்குள் யாரையும் சும்மா இறக்கிவிடாதீர்கள். மூடிய தொட்டியில் மீன் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும், ஆக்சிஜன் குறையும். அழுகின முட்டை நாற்றம் முதலில் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்து இறங்குவார்கள். ஒருவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், இடுப்புக் கயிறு, மேலே ஆள் இவை இல்லாமல் மூடியைத் திறப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுத்திகரிப்பு அமைப்பு வாங்குவதாக இருந்தால், மேலே சொன்ன வேலைகளை முடித்து, மீட்டர் எண் இறங்கி நிலைபெற்ற பிறகு விலை கேளுங்கள். அமைப்பின் அளவும் விலையும் நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர், அதில் எவ்வளவு பிஓடி என்பதை வைத்துத்தான் கணக்கிடப்படும். இன்றைய எண்ணைக் கொடுத்து வாங்கினால், திறந்து கிடந்த ஹோஸ் பைப்புகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருப்பீர்கள்.